பின் சீட்டுல யாரு?

சோலோ முடிச்சாச்சுன்னு வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "அப்ப நான் மே மாசம் அங்க வரும்போது என்னை உக்கார வச்சு ஓட்டுவியா?" ரூம்மேட்ஸும் ஒரு மாசமா இதே பாட்டுதான். தனித்தனியா விளக்கி மாளலை. அதான் மக்களே, இந்தப் பதிவு.

அமெரிக்காவில் சட்டம் இந்த விஷயத்துல ரொம்பத் தெளிவு. மாணவ பைலட் பயணியை ஏத்திக்கிட்டு ஓட்டவே கூடாது. பெத்த அப்பாவா இருந்தாலும், ஓசியில ஏத்தினாலும் கூடாது. சோலோன்னா நிஜமாவே தனியாத்தான். பக்கத்துல பயிற்சியாளர் இருந்தா கதை வேற. அப்ப விமானத்துக்குப் பொறுப்பு அவர்தான். அவரும் பள்ளியும் சம்மதிச்சா பின் சீட்டுல ஒருத்தர் உக்காரலாம், சட்டம் தடுக்காது.

உக்காரலாம்னா உடனே ஏறிடலாமா? ஒரு கணக்கு பாருங்க. நான் ஓட்டுற செஸ்னா 172எஸ் அதிகபட்சம் 2,550 பவுண்டோட கிளம்பலாம். காலி எடையே சுமார் 1,680. டேங்க் நிறைய எரிபொருள் போட்டா 318. மிச்சம் 552 பவுண்ட். நாலு சீட்டுக்கும் ஆள் ஏறினா ஆளுக்கு 138, அதாவது பையோட சேர்த்து 62 கிலோ சொச்சம். எங்க ரூம்ல அந்த எடையில ஒருத்தன்கூட இல்லை :)

அதுபோக, பின்னாடி ஆள் ஏறினா விமானத்தோட ஈர்ப்பு மையமும் பின்னாடி நகரும். ஸ்பின்னுல சுழன்று விழும்போது மீள்றது அதனால கஷ்டமாகும். அதனாலதான் இந்த விமானத்துல ஸ்பின் பழகணும்னா மொத்த எடை 2,200 பவுண்டுக்குள்ள இருக்கணும், பின் சீட் காலியா இருக்கணும்னு அதோட கையேடே சொல்லுது.

எடையைக்கூட தராசுல போட்டுப் பார்த்துடலாம். கூட வர்றவங்களோட ஆசையை எதுல போட்டு நிறுக்கிறது?

1996 ஏப்ரல் 11. ஜெசிகா டுப்ராஃப்னு ஏழு வயசுப் பொண்ணு. நாட்டை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடந்த மிகச் சின்ன வயசுக்காரின்னு பேர் வாங்கணும்னு கிளம்பினாங்க. பயிற்சியாளரும் கூட இருந்தார். அப்பா பயணியா வந்தார். வயோமிங் மாநிலத்து செயென் ஊர்ல, இடிமழை நெருங்கி வரும்போதே புறப்பட்டாங்க. கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல இருக்கிற ஊர், அடர்த்தி குறைஞ்ச காற்று, வரம்பைத் தாண்டின எடை. கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே விழுந்து மூணு பேரும் போயிட்டாங்க. விசாரணை அறிக்கை, அந்த வானிலையில கிளம்பின முடிவைத்தான் முதல்ல குறை சொல்லுது. ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும், நெருக்கியடிச்சுப் போட்ட பயணத் திட்டமும் சேர்ந்து தள்ளினதையும் சொல்லுது. சாதனைக்காகப் பறக்கும்போது, லைசென்ஸ் இல்லாதவங்க கையில கன்ட்ரோலைக் கொடுக்கக் கூடாதுன்னு அதே வருஷம் சட்டமே வந்தது.

லைசென்ஸ் வாங்கினாலும் கதை முடியலை. கடைசி 90 நாளில் மூணு தடவை ஏத்தி இறக்கியிருந்தாத்தான் பயணியை ஏத்தலாம். ராத்திரின்னா அந்த மூணும் ராத்திரியில, முழுசா நிறுத்தி இறக்கினதா இருக்கணும். அந்தக் கணக்கு இல்லாத அதே பைலட் தனியாப் போக இந்த விதி தடையில்லை. எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி இது. பழக்கம் விட்டுப்போயிருந்தா உன் உயிரோட நிறுத்திக்கோ, அடுத்தவன் உயிரைக் கூட்டிட்டுப் போகாதேங்குது. பயணிக்கு மேகத்தைப் பார்த்து எடை போடத் தெரியாது. பைலட் முகத்தை மட்டும்தான் பார்க்கத் தெரியும்.

அதனால, நாளைக்கு யாராச்சும் "வாடா, ஒரு ரவுண்டு போகலாம்"னு கூப்பிட்டா மூணு கேள்வி கேளுங்க. லைசென்ஸ் இருக்கா? கடைசி 90 நாளில் எத்தனை தடவை இறக்கினே? என் எடையைக் கணக்குல சேர்த்தியா? உங்க எடையைக் கேட்டா கூச்சப்படாம உள்ளதைச் சொல்லுங்க. கடைசி நிமிஷத்துல "இன்னிக்கு வேணாம், வானம் சரியில்லை"ன்னு அவன் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. அப்படிச் சொல்றவன் கூடத்தான் நம்பி ஏறலாம்.