அடுத்தவர் காசில் ஷாப்பிங்கா?

ஜவுளிக்கடையில் பர்ச்சேஸ் பார்க்கிறேன் என்றால், "அடுத்தவன் காசுல ஷாப்பிங்கா?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தீபாவளிக்கு நீங்கள் எடுக்கும் சேலைக்கு ஆடிக்கு முன்பே ஆர்டர் போயிருக்கும். பிரிண்டட் வகைக்கு சூரத், சாஃப்ட் சில்க்குக்கு இளம்பிள்ளை, பட்டுக்கு காஞ்சிபுரம். சேலையை ஈர வெள்ளைத்துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டு என்றால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துவோம். முடி கருகும் வாடை வந்து சாம்பல் பொடியாக உதிர்ந்தால் பட்டு. உருகி உருண்டையானால் பாலியஸ்டர்.

விலை பேசுவது பாதி வேலைதான். எந்தக் கலரில் எத்தனை எடுப்பது என்பதில்தான் லாபமே. தேங்கிய கலர் ஆடித் தள்ளுபடிக்குப் போகும்; மார்ஜின் அங்கேயே கரைந்துவிடும்.

சப்ளையரைக் காக்க வைப்பதும் திறமை அல்ல. பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளே, நிஃப்ட் (NIFT) ஃபேஷன் கல்லூரியில் படித்திருந்தால் நல்லது. ஆனால் முதலில் கொஞ்ச காலம் சேல்ஸில் நில்லுங்கள். வாடிக்கையாளர் எதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் போகிறார் என்பது அங்கேதான் தெரியும்.