இண்டைக்கு யாற்றை முறை?

மார்ச் மாதக் காலை. வேலியோரம் பனி இன்னும் அழுக்குக் குவியலாய்க் கிடக்கிறது. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கைபேசியைத் திறந்தால், நான் முதலில் தேடுவது புளோரிடாவில், டனீடினில், பயிற்சியில் இருக்கும் ப்ளூ ஜேஸ் பெடியங்களின் முழங்கைகளைத்தான். முன்னங்கையில் கொஞ்சம் இறுக்கமாம், இன்றைக்கு எறியவில்லையாம் என்று ஒரு வரி வந்தால் போதும், தேத்தண்ணி ஆறிப்போகும். இத்தனை வருடம் பேஸ்போல் பார்த்த ஒருவனுக்குக் 'கொஞ்சம் இறுக்கம்' என்று ஒன்று கிடையாது. விரலை மடித்து எண்ணுகிறேன். ஆட்டத்தைத் தொடக்கி எறிகிற ஸ்டார்ட்டர்கள் ஐந்து பேர், சரி. ஆறாவது ஆள் யார்? ஏழாவது?

கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு இது முதலில் விளங்கவில்லை, நினைவிருக்கிறதா? நம்மூர் மைச்சில் நல்லாய்ப் போடுகிறவன் காலையிலும் போடுவான், பின்னேரமும் போடுவான், அடுத்த நாளும் போடுவான். இங்கே ஒருவன் ஒருநாள் எறிந்தால் நாலு நாள் வாங்கில் குந்தியிருக்கிறான். அவனுக்குச் சம்பளமும் கொடுக்கிறார்களாம் என்று எங்களோடு இருந்த கட்டை வாயில் கைவைத்தான். வருடத்துக்கு 162 ஆட்டம், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஆட்டம். ஐந்து பேர் முறை வைத்து எறிந்தால்தான் ஒக்டோபர் வரைக்கும் கை தாங்கும் என்று பிறகுதான் பிடிபட்டது. அதைப் பிடித்துத் தந்தவர் மாஸ்டர்.

1992. வெல்லஸ்லியும் பார்லிமென்ற்றும் சந்திக்கிற பக்கம், சென் ஜேம்ஸ் ரவுண். அந்த எலிவேற்றரில் நீங்களும் ஏறியவர்தானே. கதவு திறக்கும் மாடியில் எல்லாம் ஒரு மணம் உள்ளே வரும். ஏழாம் மாடியில் வறுத்த தூள், ஒன்பதில் பிலிப்பைன்ஸ்காரரின் உள்ளிப் பொரியல், பதினாலில் எங்கள் மீன்ரின் கறி. ஒரு படுக்கையறை வீடு, ஐந்து பேர். ஊரில் கணக்குப் படிப்பித்து, இங்கே இரவில் கட்டடம் துப்புரவாக்கிய மாஸ்டர். யார் கூப்பிட்டாலும் அத்தானான அத்தான். கட்டை. லண்டனுக்கென்று புறப்பட்டு ரொறொன்ரோவில் இறங்கியதால் 'லண்டன்' என்று பெயர் விழுந்தவன். பிறகு நான், உணவகக் குசினியில் கோப்பை கழுவி விரலெல்லாம் வெளிறிப்போனவன்.

எங்கள் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒரு பேப்பர் தொங்கும். தமிழ்க் கடையில் தந்த பிள்ளையார் கலண்டரின் கிழித்த தாள். பின்பக்கத்தில் மாஸ்டர் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருப்பார். சமையல் முறை. ஐந்து பேர், ஐந்து நாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிரலில் பிட்சர்களின் பெயர். இரண்டும் ஐந்து நாளுக்கு ஒருமுறை சுற்றுவதை அவர்தான் கண்டுபிடித்தார். மொறிஸ் நாள் மாஸ்டர். குஸ்மான் நாள் அத்தான். ஜிம்மி கீ நாள் நான். ஸ்டொட்டில்மையர் நாள் கட்டை. டேவ் ஸ்டீப் நாள் லண்டன். அணிக்கு ஓய்வு நாளென்றால் எங்கள் குசினிக்கும் ஓய்வு, அன்றைக்குக் கடைப்பாணும் சம்பலும். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே ஒருவன் கேட்பான்.

"இண்டைக்கு யாற்றை முறை?"

"குஸ்மான்."

அப்படியென்றால் அத்தானின் மீன்கறி. அதில் தூள் கண்ணைக் கரிக்கும். குஸ்மானின் பந்தும் அப்படித்தான், கண்ணுக்கு எட்ட முதல் கடந்துவிடும். என்னுடைய நாளில் சொதி. ஜிம்மி கீ இடதுகைக்காரர், அவரிடம் பெரிய வேகம் கிடையாது. எங்கே வைக்கவேண்டுமோ அங்கே பந்தை வைப்பார். சொதியும் பதம் பார்த்து இறக்குகிற சாமான், கொதிக்கவிட்டால் திரைந்துபோகும். நான் இரண்டையும் ஒன்றாய்ப் பழகினேன். பால் நுரைத்து வரும்போது அகப்பையால் துழாவிக்கொண்டே ரேடியோவைக் கேட்பேன். ரேடியோவின் அன்ரெனா உடைந்ததால் உடுப்புத் தொங்கவிடும் கம்பியை வளைத்துக் கட்டியிருந்தோம். அதற்குள்ளிருந்து வர்ணனையாளர் ரொம் சீக்கின் குரல் வரும். அவசரப்படாத, ஆழமான குரல். அவர் இடைவெளி விடும்போது பின்னால் தும்புமிட்டாய், கச்சான் விற்கிறவர்களின் கூவல் கேட்கும். பிறகு பந்து தோல் கையுறையில் போய் அடிக்கிற 'டப்' என்ற சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே கீ இன்றைக்கு நல்லாயிருக்கிறாரா என்று சொல்லிவிடுவேன். எங்களில் பாதிப்பேர் ஆங்கிலம் பழகியதே ரொம் சீக்கிடமும் ஜெரி ஹோவார்த்திடமும்தான்.

ஒருமுறை வீட்டில் எல்லாருக்கும் தடிமன். கட்டை படுத்தான், மறுநாள் லண்டன், பிறகு நான். இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. மூன்றாம் நாள் மாஸ்டர் கீழ்வீட்டுப் பெடியனைக் கூட்டிவந்தார். அவனுக்குப் பருப்பும் சோறும் மட்டும்தான் வரும். பருப்பில் உப்பும் கூட. ஆனால் சுடச்சுட இருந்தது, தின்றோம். அன்றிரவே மாஸ்டர் தாளின் அடியில் ஆறாவது கோடு போட்டு அவன் பெயரை எழுதினார்.

"ஐஞ்சு பேர் எண்டது கணக்குக்குத்தான் தம்பி. ஆறாவது ஆள் இல்லாத வீடு ஒரு தடிமனோட படுத்துடும்."

அந்த வருடம் அணிக்கும் அதுதான் நடந்தது. 1990 செப்டெம்பரில் கிளீவ்லண்டில் ஒரு ஹிற்கூடக் கொடாமல் நோ-ஹிற்றர் எறிந்த டேவ் ஸ்டீப், கை விடாமல் ஆகஸ்டோடு ஒதுங்கிவிட்டார். லண்டனின் நிரலில் பெயர் வெறுமையானது. அவன் அன்றைக்குச் சமைக்க மனமில்லாமல் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். டேவிட் வெல்ஸ் இருந்தார். ஆகஸ்ட் 27இல் நியூயோர்க் மெற்ஸிடமிருந்து டேவிட் கோனைக் கொண்டுவந்தார்கள். மாஸ்டர் ஸ்டீப்பை வெட்டவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன அடைப்புக்குறி போட்டு, கீழே 'கோன்' என்று எழுதினார். ஜாக் மொறிஸ் அந்த வருடம் 21 வெற்றி எடுத்தார். ப்ளூ ஜேஸில் இருபதைத் தொட்ட முதல் ஆள் அவர்.

ஒக்டோபர் 24, அட்லான்ராவில் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். பதினோராவது இன்னிங்ஸ் வரை போனது. ஸ்டார்ட்டரான என்னுடைய ஜிம்மி கீ அன்றைக்குப் பின்னால் வந்து எறிந்தார், வெற்றியும் அவர் பெயரில்தான். கடைசிப் பந்தை ரிம்லின் பொறுக்கி ஜோ கார்ட்டருக்கு எறிந்தபோது நடுச்சாமம் தாண்டியிருந்தது. நாங்கள் ஐந்து பேரும் கீழ்வீட்டுப் பெடியனும் சட்டைக்குமேல் சட்டை போட்டுக்கொண்டு யங் வீதிக்கு நடந்தோம். தெரியாத மனிசர் கட்டிப்பிடித்தார்கள். இந்த ஊரில் எங்களை யாரோ கட்டிப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு ஆளுக்கொரு பக்கம். கலியாணங்கள் வந்தன, பிள்ளைகள் வந்தார்கள், ஸ்காபரோவில் வீடுகள் வந்தன. அந்த ஆறு கோட்டுத் தாள் எந்தப் பெட்டிக்குள் போனதோ. ஆனாலும் ஒரு பழக்கம் விடவில்லை. நல்ல பிட்சர் எறிகிற நாளில் மாஸ்டரிடமிருந்து தொலைபேசி வரும். றோய் ஹலடே காலம் முழுவதும் ஐந்து நாளுக்கு ஒருமுறை அந்த மணி அடித்தது. "இண்டைக்கு எங்கட ஆள்" என்பார், வைத்துவிடுவார்.

மாஸ்டருக்கு ஹலடேயில் தனிப் பிரியம். 2000இல் அந்தப் பெடியனை எல்லாரும் அடி அடியென்று அடித்தார்கள். அடுத்த வசந்தம் அவனை டனீடின் சிறு அணிக்கு இறக்கி, கையைத் தூக்குகிற விதத்திலிருந்து மாற்றிப் பழக்கினார்கள். "பாலர் வகுப்புக்குத் திருப்பி அனுப்பி 'அ'னா எழுதப் பழக்கினவங்கள், அவனும் வெக்கப்படாமல் எழுதினவன்" என்று மாஸ்டர் சொல்லும்போது குரல் இளகும். 2003இல் அவன் எறிந்தது 266 இன்னிங்ஸ். இப்போது ஒருவன் 200ஐத் தொட்டாலே ஊர் மெச்சுகிறது. அந்த வருடம் செப்டெம்பர் 6, சனிக்கிழமை, டெற்றோயிற்றோடு ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் இரண்டு பக்கமும் சுழியம். பத்தாவதுக்கும் ஹலடேதான் மேட்டில் ஏறினார். 99 பந்தில் பத்து இன்னிங்ஸ், ஒன்றுக்குச் சுழியம் வெற்றி. தொலைபேசியில் மாஸ்டர் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

ரொம் சீக் 1977இன் முதல் ஆட்டத்திலிருந்து 2004 ஜூன் வரை 4,306 ஆட்டங்களை ஒன்றுகூட விடாமல் சொன்னவர். தகப்பன் இறந்துதான் அந்தத் தொடர் அறுந்தது. அடுத்த வருடம் அவரும் போய்விட்டார். அணியின் அரங்கமான ஸ்கைடோமுக்கும் அந்த வருடமே பெயர் மாறியது. நாங்கள் இன்றைக்கும் ஸ்கைடோம் என்றுதான் சொல்கிறோம், இல்லையா?

2009 மார்கழியில் ஹலடேயைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாற்றாக வந்த இளம் பெடியங்களில் ஒருவன் கைல் ட்ராபெக். 2012 ஜூன் 11இல் பிரண்டன் மொறோ நோவோடு வெளியே போனார். 13இல் ட்ராபெக். 15இல் ட்ரூ ஹச்சிசன். ஐந்து நாளில் மூன்று ஸ்டார்ட்டர்கள். பிந்திய இருவருக்கும் முழங்கையின் இணைப்பு நார்தான் பழுது. அதற்குச் செய்கிற வைத்தியத்துக்கு ரொமி ஜோன் என்ற பிட்சரின் பெயர்தான். 1974இல் லொஸ் ஏஞ்சல்ஸில் டொக்டர் பிராங்க் ஜோப் அவருடைய வலது முன்னங்கையிலிருந்து நரம்புபோன்ற ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் கட்டினார். திரும்பி எறிய ஒரு வருடத்துக்கு மேல் செல்லும். இன்று பல பிட்சர்களின் முழங்கையைக் கிட்டப் பார்த்தால் உட்பக்கத்தில் ஒரு கோடு தெரியும். வெள்ளையாய், விரல் நீளத்துக்கு, மாஸ்டர் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல.

அந்த 15ஆம் தேதி இரவு மாஸ்டர் எடுத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "தம்பி, கீழ்வீட்டுப் பெடியன் எங்க?" என்றார்.

இப்போது வீட்டில் பெரிய ரீவி. மகள் என் கைபேசியில் எல்லாம் ஏற்றித் தந்திருக்கிறாள். பந்து எவ்வளவு வேகம், எத்தனை தடவை சுழன்றது எல்லாம் அதில் வருகிறது. குசினியில் மனிசி உறைபுட்டை மைக்ரோவேவில் வைக்கிறா. மணம் எழும்பமுதல் அது தயாராகிவிடுகிறது.

2025இல் முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு உலகத் தொடருக்குப் போனோம். போனதே ஆறாவது, ஏழாவது ஆட்களால்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. அதில் ஓட்டம் கொடாமல் நாலரை இன்னிங்ஸுக்குமேல் தாங்கிப்பிடித்த எரிக் லவர், முந்தைய வருடம் கொரியாவில் எறிந்துகொண்டிருந்தவர். ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கிய ட்ரே யெசாவேஜ், அந்த வசந்தத்தில் டனீடின் சிறு அணியில் தொடங்கிய 22 வயதுப் பெடியன். டனீடின் என்று கேட்டதும் கை தானாய்க் கைபேசியை எடுத்தது. எடுத்துவிட்டு, யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் திருப்பி வைத்தேன். நவம்பர் 1, ஏழாவது ஆட்டம். 41 வயது மக்ஸ் ஷேர்சர் தொடக்கினார். இதுவும் பதினோராவது இன்னிங்ஸ் வரை போனது, தொண்ணூற்றிரண்டைப் போலவே. இந்தமுறை ஐந்துக்கு நாலு என்று தோற்றோம். வெளியே வீதி அமைதியாய் இருந்தது. நான் சட்டைக்குமேல் சட்டை போடவில்லை.

அதனால்தான் இந்த மார்ச்சில் முழங்கைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒக்டோபர் வரைக்கும் எறிந்த கைகள் அவை. அவ்வளவு தூரம் எறிந்த கைக்கு அடுத்த வருடம்தான் வட்டி கட்டவேண்டி வரும். ஐந்து பெயரை நம்பி 162 ஆட்டம் ஓட முடியாது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆளை இப்போதே பழக்கி வைக்கவேண்டும். உப்புக் கூடின பருப்பென்றாலும் சுடச்சுட வைக்கத் தெரிந்த ஒருவன் வேண்டும்.

ஆட்ட அட்டவணையில் பெயர் தெரியாத நாளுக்கு மூன்று எழுத்துப் போடுவார்கள்: ரி.பி.டி. யாரென்று பிறகு சொல்வோம் என்று அர்த்தம். சிலநாள் ஒரே கிழமையில் இரண்டு இடத்தில் அது வரும். மாஸ்டரின் தாளில் ஒருநாளும் வெறும் கட்டம் கிடந்ததில்லை. எவனுக்காவது இரட்டை வேலை, எவனுக்காவது காய்ச்சல், கீழ்வீட்டுப் பெடியனும் இல்லையென்றால், பேனையை எடுத்து அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதுவார். இரவு வேலை முடிந்து விடிய வந்த கையோடு அரிசி கழுவுவார். நாங்கள் போர்வைக்குள் கிடந்து, சுண்டில் தண்ணி விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் படுப்போம்.