நட்சத்திரம் எண்ணிய அரசனும் ஒரு நடிகரும்



இன்று ஒரு நடிகரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஷுகூர் புர்ஹானோவ். உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் 1910இல் பிறந்தவர். அங்குள்ள ஹம்சா நாடக அரங்கம்தான் அவருக்கு வீடு மாதிரி. ஷேக்ஸ்பியரின் புரூட்டஸ், சோஃபக்ளிசின் ஈடிப்பஸ் என்று பெரிய வேடங்களைத் தாய்மொழியில் நடித்தார். 1959இல் சோவியத் மக்கள் கலைஞர் என்ற பட்டம் கிடைத்தது.

ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட வேடம் உலுக் பெக். தைமூரின் பேரர், சமர்கந்தை ஆண்டவர். தாத்தா நாடுகளைப் பிடித்தார். பேரர் வானத்தை அளந்தார். ஆய்வுக்கூடம் கட்டி, 1018 நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்துப் பட்டியல் போட்டார். 1449இல் பெற்ற மகனே அவரைக் கொல்ல ஏற்பாடு செய்தான்.

இதை நாடகமாக எழுதியவர் மக்சூத் ஷேக்சாதா. 1952இல் கைதாகி, ஸ்டாலின் இறந்த பிறகே வெளியே வந்த கவிஞர். அறிவைக் கண்டு அதிகாரம் மிரளும் என்பது அவருக்கு ஏட்டில் படித்த சங்கதி அல்ல, உடம்பில் பட்டது. அந்த வலிக்குப் புர்ஹானோவ் மேடையில் உயிர் கொடுத்தார்.

மேடை நடிப்புக்கு ஆயுள் குறைவு. திரை விழுந்தால் அன்றைய நடிப்பு அன்றோடு போயிற்று. நல்லவேளை, 1964இல் லத்தீஃப் ஃபைசியேவ் 'உலுக் பெக்கின் நட்சத்திரம்' என்று படமெடுத்து, அதிலும் அவரையே நடிக்க வைத்தார். (நம் ஹேமமாலினி நடித்த இந்தி அலிபாபா படத்தை உமேஷ் மெஹ்ராவோடு இயக்கியவரும் இவரே.) புர்ஹானோவ் 1987இல் மறைந்தார். அரசராக நின்ற அவர் முகம் படச்சுருளில் இருக்கிறது.

உலுக் பெக்குக்குப் பிறகு ஆய்வுக்கூடம் பாழானது. 1908இல்தான் அதன் இடிபாடுகளைத் தோண்டி எடுத்தார்கள். ஆனால் கல்வி சாகவில்லை. அவரிடம் படித்த அலி குஷ்ஜி பிற்காலத்தில் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்து, அங்கே பாடம் நடத்தினார். ஆசிரியரின் பட்டியல் 1665இல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சேறியது.

பெற்ற பிள்ளை வாளெடுத்தான். படித்த பிள்ளை பாடத்தை எடுத்துக்கொண்டு போனான். இத்தனை வருடம் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறு என்ன வேண்டும்? உங்களில் பலர் இன்று எங்கெங்கோ இருக்கிறீர்கள். எடுத்துப் போனதை அடுத்தவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்