வரியும் பாகமும்

வரி என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. ஏட்டில் எழுதுவதும் வரி. புலியின் மேனியில் ஓடுவதும் வரி. அரசுக்குச் செலுத்துவதும் வரி. பத்திரத்தில் எழுதும் வரியும் அரசுக்குச் செலுத்தும் வரியும் ஒன்றையொன்று பொய்யாக்காமல் இருத்தல் வேண்டும் என்பதை ஒரு வாடகை வீட்டின் விற்பனை எங்கள் குடும்பத்திற்குக் கற்பித்தது.

திருச்சியில் அத்தா 1974இல் வாங்கிய வீடு அது. 1998இல் அவர் வஃபாத்தானார். அம்மா அவருக்கு முன்னரே மறைந்துவிட்டார். வாரிசுகளாக நின்றோர் அக்காவும் அண்ணனும் நானும். வாடகையை அண்ணன் பெற்று மூவருக்கும் பகிர்ந்தளித்து வந்தார். 2024ஆம் ஆண்டின் இறுதியில் 60 இலட்சம் ரூபாய்க்கு விலை பேசி முடித்தோம்.

தரகர் இரண்டு யோசனைகள் கூறினார். அக்காவிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் வேலை எளிதாகும் என்பது ஒன்று. விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகப் பெற்றால் வரி குறையும் என்பது மற்றொன்று. அக்கா மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனமே எங்களை உறுத்தியது. முன்பணம் பெறுவதற்கு முன்பே ஆடிட்டர் ஒருவரை நாடினோம்.

அவர் முதலில் வினவியது விலையை அன்று, வாரிசுகளை. இந்துக் கூட்டுக் குடும்பம் என்னும் வரி அலகு முஸ்லிம்களுக்கு இல்லை. தந்தை மறைந்தபோதே ஒவ்வொருவரும் தத்தம் பாகத்திற்கு உரியவராகிவிட்டனர். எனவே ஆதாயமும் வரியும் தனித்தனியே என்று விளக்கினார். சூரா அந்நிஸாவின் 11ஆம் வசனம் ஓர் ஆணுக்கு இரு பெண்களின் பாகம் என வகுக்கிறது. அவ்வாறு ஐந்து பங்காக்கினால் எங்கள் இருவருக்கும் இவ்விரண்டு, அக்காவுக்கு ஒன்று. அவருடைய பாகம் 12 இலட்சம். விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்தோடு கரைந்து போகவிருந்த தொகை அது!

பின்னர்க் கணக்கைத் தொடங்கினார். 2001ஆம் ஆண்டுக்கு முன் வாங்கிய சொத்தாயின், அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாளின் சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பை அது விஞ்சலாகாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் 10 இலட்சம் எனக் கணித்தார். 2024 ஜூலை 23 முதல் விற்ற வீட்டுக்கு விலைவாசிக் குறியீட்டுச் சலுகையின்றி 12.5 விழுக்காடு வரி. அதன்படி 50 இலட்சம் ஆதாயத்திற்கு வரி 6.25 இலட்சம். ஆயினும் அந்நாளுக்கு முன்பே சொத்துக்கு உரியவரான உள்நாட்டுத் தனிநபர், பழைய முறையில் வரி குறைவாயின் அக்குறைந்த தொகையையே செலுத்தலாம். அவ்வாண்டின் குறியீடு 363. அடக்கவிலை 36.3 இலட்சமாக உயர, ஆதாயம் 23.7 இலட்சம், 20 விழுக்காட்டில் வரி 4.74 இலட்சம். மேல்வரி தனி. இதனை மூவரும் பாகப்படி ஏற்க வேண்டும். வேறு வருமானம் இல்லாத அக்காவுக்கு அடிப்படை விலக்கு வரம்பின் பயனும் உண்டு. எல்லாவற்றையும் அண்ணன் பெயரில் காட்டியிருந்தால் அப்பயன் கிட்டியிராது.

ரொக்க யோசனையை அவர் ஒரே சொல்லில் மறுத்தார். அசையாச் சொத்தின் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடுக்கிறது. பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விதிக்கப்படலாம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், எழுத்தில் இல்லாத பணத்தை எவ்வாறு நம் பணம் என்பது?

வரியைத் தவிர்க்க நேரிய வழிகளும் உள. ஆறு திங்களுக்குள், 50 இலட்சம் வரை, குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் இடலாம். ஆனால் அவை வட்டி தருவன. அதனை விரும்பாத எங்களுக்கு மற்றொரு வழி பொருந்தியது. வாடகைக்கு விட்டதாயினும் அது குடியிருப்பு வீடே. ஆதலால் ஈராண்டுக்குள் வேறு வீடு வாங்கியோ, மூன்றாண்டுக்குள் கட்டியோ ஆதாயத்தைச் செலவிட்டால் அந்த அளவுக்கு வரிவிலக்கு உண்டு. அக்கா தம் பெயரிலிருந்த சிறு மனையில் வீடு கட்டத் துணிந்தார்.

விலை 50 இலட்சமோ அதற்கு மேலோ ஆயின், வாங்குவோர் ஒரு விழுக்காட்டைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். விற்பவரிடம் பான் எண் இல்லையெனில் அது 20 விழுக்காடாகும். அக்காவிடம் பான் அட்டை இல்லை. பத்திரப் பதிவுக்கு முன்பே அதனையும் ஆடிட்டர் பெற்றுத் தந்தார். தந்தையின் மகளாகவும் கணவரின் மனைவியாகவும் மட்டுமே ஏடுகளில் இடம்பெற்றிருந்த அவர், அன்றுதான் தம் சொத்தின் உரிமையாளராக வரி ஏட்டில் ஏறினார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்தில் பரம்பரை வீடு விலைபோகும் நாள் வரலாம். அன்று தரகரை அழைக்குமுன் கணக்கறிந்தவரை அழையுங்கள். கணக்கறிந்தவரை அழைக்குமுன் உடன்பிறந்த பெண்களை அருகில் அமர்த்துங்கள். பாகத்தை நேர்மையாக வகுத்த குடும்பத்திற்கு வரியை நேர்மையாகச் செலுத்துவது பாரமன்று. அந்நேர்மையை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!