சக்கரத்தின் மேல் குடித்தனம்

மேலூர் சாலையில் யானைமலையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல்கள். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் மண் இது. கால்வாயில் தண்ணீர் வரத்து நின்று, நெல் அறுத்த தாள் காயும் மாதங்களில் இங்கே ஆட்டுக்கிடை வந்து இறங்கும். டிரெய்லரோடு முதல் ராத்தங்கலுக்கு நாங்கள் இங்கேதான் வந்தோம்.

கணவர் ஓய்வு பெற்றதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் காருக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லரிலேயே குடியிருப்பது என்று முடிவு செய்திருந்தோம். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனையும் டிரெய்லரையும் 2004ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை போக்குவரத்து சாராத வாகன வகையில் வைத்திருக்கிறது. ஆனாலும் பதிவுச் சான்று கைக்கு வந்த பிறகே சாலையில் இறக்க வேண்டும்.

பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூரில், ஒரு பட்டறையில் கட்டச் சொன்னோம். அங்கே ஒரு முதிய மேஸ்திரி சொல்லித்தந்த பாடம் பாரத்தைப் பற்றியது. "முன்பாரம் கொஞ்சம் இருக்கணும் சார். பின்பாரம் ஏறிச்சுன்னா வண்டி வாலாட்டும்" என்றார். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் அதே சொற்கள்! டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். 800 கிலோ வண்டியென்றால் 80 முதல் 120 கிலோ. அதற்குக் குறைந்தால் வேகத்தில் பின்பக்கம் இடமும் வலமும் அலையும். கூடினால் காரின் பின்சக்கரம் அமுங்கி முன்சக்கரத்தின் பிடி தளரும். தண்ணீரோ லிட்டருக்கு ஒரு கிலோ. அதனால் 100 லிட்டர் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே வைத்தோம். நிரம்பினாலும் காலியானாலும் சமநிலை அதிகம் மாறாது. அரிசி, பருப்பு, அம்மிக்கல் எல்லாம் அதை ஒட்டியே. அம்மியை மட்டும் விட்டுவர எனக்கு மனசில்லை.

சித்திரையில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, உள்ளே தெர்மோகோல், எதிரெதிரே இரண்டு ஜன்னல். இவற்றைவிட, நீளப்பக்கம் மேற்கு வெயிலைப் பார்க்காமல் நிறுத்துவதுதான் பெரிய பலன் தருகிறது.

அந்த முதல் ராத்தங்கலன்று சாயங்காலம் பக்கத்து வயலில் கிடை போட்டிருந்தார்கள். கிடைக்குத் தலைவரான ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரியும் அவர் மனைவியும், கூட இன்னும் சில குடும்பங்களும். மூங்கில் கூடுகளுக்குள் குட்டிகள், ஓரமாக அடுப்பு, குடங்கள், ஒரு மூட்டைத் துணி. அவர்கள் குடித்தனம் அவ்வளவுதான். ராத்திரிக்கு இவ்வளவு என்று வயல்காரர் கூலி தருகிறார். கிடையைத் தினமும் சற்றுத் தள்ளிப் போடுவதால் வயல் முழுக்க எரு விழுகிறது. இவர்கள் தங்குவதால் நிலத்துக்கு லாபம். நாங்கள் தங்கினால் யாருக்கு லாபம் என்ற கேள்வி அங்கே நின்றபோது எனக்குள் எழுந்தது.

கீதாரியின் மனைவியான அந்த அக்கா எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"மேட்டுல நிப்பாட்டு தாயி. மழ பேஞ்சா தண்ணி வழிஞ்சு ஓடணும்ல. வயக்காரவுகட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேட்டுட்டோம்க்கா."

"ரெண்டு பேரு மட்டுமா போறீக? இன்னொரு வண்டியச் சேத்துக்கங்க. மேலுக்கு முடியாமப் போனா யாரு பாப்பா?"

டிரெய்லர் வாழ்க்கையைப் பற்றி நாங்கள் படித்தவையெல்லாம் சுதந்திரத்தைப் பேசின. இவர் துணையைப் பேசினார். வாழ்நாளெல்லாம் ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருப்பவர் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன். உடனே நினைவுக்கு வந்தது அழகர் திருவிழா. அந்தக் காலத்தில் சுற்றுவட்டார ஜனங்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கூட்டமாகத்தான் வைகைக்கு வந்தார்கள். வழிநெடுக மண்டகப்படிகளில் அழகரும் நின்று நின்றுதான் வருகிறார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் இன்றும் இருக்கிறது. வழிப்போக்கருக்குத் தங்க இடம் தருவதைத் தர்மமாக நினைத்த ஊர் இது.

இன்று அந்த இடங்கள் சுருங்குகின்றன. "போன தடவ கெடை போட்ட வயல்ல இந்தத் தடவ கல்லு ஊண்டிட்டாக" என்றார் கீதாரி. ஒத்தக்கடையிலிருந்து மேலூர் வரை பிளாட் போட்ட நிலங்களை நானே பார்க்கிறேன். எங்களுக்கு இடம் கிடைக்காவிட்டால் திரும்பிப்போக ஒரு ஊர் உண்டு, பென்ஷன் உண்டு. ஆட்டோடு வருகிறவர்களுக்கு மேய்ச்சலும் கிடையும்தான் பிழைப்பு. பஞ்சாயத்துகள் புறம்போக்கை அளக்கும்போது ஆட்டுக்கிடைக்கும் ஆடு போகும் வழிக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

மறுநாள் காலையில் கணவர் கீதாரியிடம் அடுத்த தங்கல்களைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். திருவாதவூர்ப் பக்கம் ஒரு வயல்காரர் மேட்டு நிலத்தைத் தரச் சம்மதித்திருக்கிறார். பாத்திரம் கழுவிய தண்ணீர் அவர் தென்னைக்கு. அதனால் சோப்பைக் குறைத்துச் சாம்பலுக்கு மாறிவிட்டேன். அவருடைய பம்புசெட் காலையில் மட்டும் ஓடும். அதற்குள் தொட்டியை நிரப்பிவிட வேண்டும்.