குற்றம் காணப்படவில்லை

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் நண்பகல், எந்தையாரும் யானும் பாட்டியாரைத் திருநெல்வேலியிற் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு, எமது காரில் நாகர்கோவிலுக்கு மீண்டுகொண்டிருந்தோம். வள்ளியூரைக் கடந்து பணகுடியை அணுகும் வேளையில், யாதொரு முன்னறிவிப்புமின்றி எஞ்சின் அணைந்துவிட்டது. நாற்கரச் சாலை, பின்னே ஒரு சரக்கு லாரி. ஓடும் வண்டியில் எஞ்சின் அணைந்தால் என்னவாகும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஸ்டியரிங் கல்லாய் இறுகுகின்றது. பிரேக்கிற்குத் துணைசெய்யும் உறிஞ்சுவிசை ஓரிரு மிதிப்பில் தீர்ந்துபோக, பின்னர் உடல் வலிமை முழுவதையும் காலிற் செலுத்த வேண்டியிருக்கின்றது. எந்தையார் எவ்வாறோ வண்டியைச் சாலையோரத்திற்கு ஒதுக்கினார். லாரி நெடிய ஒலியெழுப்பிக்கொண்டு எம்மை உரசுவதுபோற் கடந்து சென்றது. கண்ணிற் கட்டுடன் பின்னே அமர்ந்திருந்த பாட்டியார், "ஊர் வந்துவிட்டதா?" என்று வினவினார்.

அரை மணி நேரம் கழித்து வண்டி ஒன்றும் அறியாததுபோல் உயிர்பெற்று, எம்மை வீடு கொண்டு சேர்த்தது.

எந்தையார் பள்ளி ஆசிரியர். முப்பதாண்டுக் காலம் மிதிவண்டியும் பின்னர் ஸ்கூட்டருமாக ஓடியவர், 2023 செப்டம்பரில் தம் வைப்பு நிதியின் ஒரு பகுதியையும் வங்கிக் கடனையும் சேர்த்து இவ்வண்டியை வாங்கினார். வாங்கிய அன்று எமக்கு நிகழ்ந்த உபசாரத்தை என்னென்பேன்! மாலை, இனிப்பு, அட்டையிற் செய்த பெரியதொரு சாவி, அதனை எம் அன்னையார் கையிற் கொடுத்து ஒரு புகைப்படம். அன்று வாயிலில் வந்து எம்மை வரவேற்ற கனவானை அதற்குப்பின் யாம் கண்டதில்லை.

மே முதல் நவம்பர் வரை நான்கு முறை வண்டியை அவ்விற்பனையாளரின் பணிமனையில் விட்டோம். முதன்முறை ஜாப் கார்டில் ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள் எழுதித் தந்தனர். தமிழிற் சொன்னால், குற்றம் காணப்படவில்லை என்பது. இரண்டாம் முறை பெட்ரோல் மீது பழி. மூன்றாம் முறை பாட்டரியின் முனைகளைத் துடைத்து அனுப்பினர். நான்காம் முறை, "சார், நீங்க கிளட்சை விடுற விதந்தான்" என்றனர். நக்கீரர் இறைவன் பாட்டிலேயே குற்றம் கண்டவர் என்று படித்திருக்கின்றோம். இவர்களோ நடுவழியில் நின்ற வண்டியிலும் குற்றம் காணமாட்டாதவர்.

எனக்கு மூண்ட சினத்திற் பாதி எந்தையார் மீதே சென்றது. அவர் ஒரு வார்த்தையும் உரக்கச் சொல்லவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று: ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் ஒப்பமிட்ட இளைஞர் எந்தையாரிடம் ஏழாம் வகுப்பிற் பயின்றவர். நான்காம் முறை அவர் தலை நிமிராமலே எழுதினார்.

ஆகவே யானே ஒரு குறிப்பேடு தொடங்கினேன். வண்டி நின்ற நாள், நேரம், இடம், அதற்குமுன் ஓடிய தொலைவு ஆகியவற்றை எழுதிவந்தேன். ஒன்பது குறிப்புகள் சேர்ந்தபின் பார்த்தால், அவை யாவும் பிற்பகல். யாவும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பின்னர். பணிமனையாரோ வண்டியைக் காலைக் குளிர்ச்சியில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சோதிப்பவர்.

அவ்வேட்டை வடசேரியில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் வண்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "மக்களே, இது சூட்டுல உறங்கும், ஆறினா முழிக்கும்" என்றார். கிராங்க் ஷாஃப்ட் சுழல்வதைக் கணினிக்கு அறிவிக்கும் சென்சார் ஒன்று உண்டாம். அதன் அறிவிப்பு நின்றால், கணினி பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும். அதனுள்ளிருக்கும் மெல்லிய கம்பிச் சுருளில் மயிரிழை போன்றதொரு பிளவு இருப்பின், சூட்டில் விரிந்து தொடர்பறும். குளிர்ந்தால் மீண்டும் கூடிக்கொள்ளும். இஃது அவர் ஊகமே. எனினும் என் ஒன்பது குறிப்புகளுக்கும் பொருந்திய விளக்கம் இஃதொன்றுதான். மாற்றித் தருமாறு வேண்டினேன். வெளியார் கைவைத்தால் வாரண்டி இல்லையென்று பணிமனையார் சொல்லிவிடுவர் என எச்சரித்து, அவர் ஏட்டை என்னிடமே திருப்பித் தந்தார். பணிமனையில் அவ்விளக்கத்தைச் சொன்னபோது, கணினியில் ஒன்றும் பதியவில்லை என்றார் மேலாளர்.

இதற்கிடையே மாமா வீட்டிற்கு வந்திருந்தார். "சொல்லாமல் விற்றுவிடுங்கள், அத்தான். காலையில் ஓட்டிக் காட்டினால் யாருக்குத் தெரியும்?" என்றார். உண்மைதான், எம் ஏட்டின்படியே காலையில் ஓட்டிக் காட்டினால் ஒருவருக்கும் தெரியாது. எந்தையார் நெடுநேரம் பேசாதிருந்து, "வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு கிழவி இருப்பாள், மாப்பிள்ளை" என்றார். மறுநாள் மாலை அவரே என்னை அழைத்து, முறையீடு எழுதச் சொன்னார்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அப்பொழுதுதான் படித்தேன். வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஐந்து இலட்சத்திற்கு மேல் பத்து இலட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். சோதித்தாலன்றிக் குறையை அறிய இயலாதெனின், ஆணையமே தக்க ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வழியுண்டு. இவ்விதி எமக்கென்றே எழுதப்பட்டது போலிருந்தது. மூன்று இரவுகள் அமர்ந்து மனுவைத் தமிழில் எழுதினேன். செய்யுட்களுக்கு உரை எழுதிப் பழகிய கைக்குச் சுருங்கச் சொல்லுதல் அரிதாயிருந்தது. எந்தையார் முழுவதையும் படித்து ஒரே ஒரு திருத்தம் செய்தார்: தம் மாணவர் பெயர் வந்த இடத்தை அடித்துவிட்டு, 'பணியாளர் ஒருவர்' என்று எழுதினார். ஜாப் கார்டிற் பெயர் இருக்கின்றதே என்றேன். "அஃது அவன் எழுதியது, இது நான் எழுதுவது" என்றார்.

2025 சனவரியில் மனுக் கொடுத்தோம். எதிர்த்தரப்பாரின் பதில் நான்கு பக்கம்; அதன் சாரம் பழைய மூன்று சொற்களே. ஆய்விற்கு அனுப்பக் கோரிய எம் வேண்டுகோள் வாய்தாவில் இருக்கின்றது. கடன் தவணை மாதந்தோறும் தவறாமற் செல்கின்றது. பாட்டியார் திருநெல்வேலிக்குப் பேருந்திற் போய்வருகின்றார்.

வண்டி முற்றத்து மாமரத்தடியில் நிற்கின்றது. எந்தையார் பள்ளிக்குப் புறப்படுமுன் நாள்தோறும் ஒருமுறை அதனை முடுக்கிப் பார்க்கின்றார். காலையில் அது தவறியதேயில்லை.