அத்தா அழைத்துச் செல்லாத ஊர்



என் முகவரியைப் பார்க்கும் புதிய நண்பர்கள் சற்றே புருவம் உயர்த்துவதுண்டு. தொழிலோ மத்ரஸா ஆசிரியர். ஊரோ சிங்கப்பெருமாள் கோயில்! குன்றைக் குடைந்து அமைத்த பழமையான நரசிம்மர் கோயிலால் எங்கள் ஊருக்கு வந்த பெயர் அது. எங்கள் குடும்ப அட்டையும், ரயில் சீட்டும், ஏன், என் திருமண அழைப்பிதழும்கூட அந்தப் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்களுக்கு அதில் வியப்பு ஏதுமில்லை. வியப்புக்குரிய செய்தி வேறொன்று. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் அத்தா வாடகைக் கார் ஓட்டியவர். எழுபதுகளின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டாரைத் தம் அம்பாஸிடர் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் காட்டிவருவதே அவருடைய பிழைப்பு. ஜி.எஸ்.டி. சாலை வழியாக எங்கள் ஊருக்கு வருவார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவார். அம்மா தேநீர் போட்டுக் கொடுப்பார். திண்ணையில் அமர்ந்து அதைப் பருகிவிட்டு, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக விருந்தினர் கடற்கரைக்குப் போவார்கள். மாலையில் கோவளம் வழியாகத் திரும்பிவிடுவார்கள்.

அந்தத் திண்ணையில் எத்தனை நாட்டவர் அமர்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அத்தனை பேருக்கும் தேநீர் தந்த அம்மா மட்டும் மாமல்லபுரத்தைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். "சவாரி இல்லாத ஒரு நாள் பார்த்துக் கூட்டிப் போகிறேன்" என்பார் அத்தா. சவாரி இல்லாத நாளில் வண்டி பட்டறையில் நிற்கும். வண்டி ஓடினால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் ஐந்து பிள்ளைகளை ஆளாக்கிய மனிதரைக் குறை சொல்ல எனக்கு நாவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் இறையடி சேர்ந்தார். வாக்குறுதி நின்றுவிட்டது.

கடந்த தை மாதம் ஒருநாள் என் மகள் பள்ளிப் பாடத்தைப் படித்தபடி, "நன்னி, நீங்க மாமல்லபுரம் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"டீ போட்டுக் கொடுத்ததோட சரிம்மா" என்றார் அம்மா. குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. அத்தா செய்ய முடியாததை நான் ஏன் செய்யவில்லை? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது ஒரு காரணமாகுமா? பேருந்தில் அழைத்துச் செல்ல அம்மாவின் முழங்கால் இடங்கொடாது. ஆகவே, வெளிநாட்டார் செய்ததையே நாமும் செய்வோம் என்று முடிவு செய்தேன். வாடகைக் கார் ஒன்று, வழிகாட்டி ஒருவர், ஒரு முழு நாள்.

செய்தி பரவியதும் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், சிலைகள் நிறைந்த இடத்துக்கு நீங்களே வீட்டாரை அழைத்துப் போகலாமா?" நல்லெண்ணத்தோடு கேட்ட கேள்வி அது. "வணங்கப் போகவில்லை, வரலாற்றைக் காணப் போகிறோம். நாங்கள் பார்க்கப்போவது தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்கள். பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தவர்களின் முடிவைக் கண்டு சிந்திக்கும்படி திருமறை நம்மைத் தூண்டவில்லையா?" என்றேன். அவர் சற்று நேரம் தாடியை நீவிக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாவை வெயிலில் நடக்கவிடாதீர்கள்" என்றார். அதைவிட வேறு சம்மதம் எனக்குத் தேவைப்படவில்லை.

இப்படிப் புறப்பட எண்ணும் வாசகர்களுக்கு ஒரு சொல். வாடகைக் காரை அமர்த்தும்போது 'எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர்' என்பது போன்ற ஒரு கணக்கு சொல்வார்கள். அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டுநரின் பேட்டா எவ்வளவு, சுங்கச்சாவடிக் கட்டணம் யாருடையது என்பனவற்றை முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் சுற்று நூறு கிலோமீட்டரைத் தொட்டது. முன்பே பேசியிருந்ததால் முடிவில் மனக்கசப்பு இல்லை. வழிகாட்டியாக வருபவரிடம் அடையாள அட்டை உண்டா என்று பார்த்து, அவருக்கும் கூலியை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

சுப்ஹு தொழுதுவிட்டு, ஆறரை மணிக்கு அம்மா, மனைவி, மகளுடன் புறப்பட்டேன். ஓட்டுநர் திருக்கழுக்குன்றத்துக்காரர், முப்பது வயது இளைஞர். பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் செங்கல்பட்டின் கொளவாய் ஏரி பனிமூட்டத்தோடு வந்தது. செங்கழுநீர்ப்பட்டு என்பதே மருவிச் செங்கல்பட்டு ஆயிற்று என்பார்கள். விஜயநகர அரசர் காலத்துக் கோட்டை இங்கே இருந்தது. 1752இல் இராபர்ட் கிளைவ், பிரெஞ்சுக்காரரிடமிருந்து முதலில் கோவளத்தையும் பிறகு இந்தக் கோட்டையையும் கைப்பற்றினார். பிற்காலத்தில் கோட்டைப் பகுதிக்குள்ளேயே இருப்புப்பாதை போடப்பட்டது. அரசுகள் மோதிக்கொண்ட நிலத்தின் மேல் இன்று மின்சார ரயிலில் அலுவலகம் போகிறோம். காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு தனி மாவட்டமாக இயங்குகிறது.

திருக்கழுக்குன்றத்தை அடைந்தபோது அம்மா கார்க் கண்ணாடியை இறக்கச் சொன்னார். "நண்பகலுக்கு முன்னாடி இங்க வந்து சேரணும்னு உங்க அத்தா விரட்டிக்கிட்டே இருப்பாங்க. கழுகுக்கு நேரமாச்சு, டீ சீக்கிரம்னு சொல்லுவாங்க" என்றார். இந்தக் குன்றில் நாள்தோறும் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து, அர்ச்சகர் தரும் உணவை உண்டு போனதைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வந்தார்கள். அவை வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தியா முழுவதிலுமே கழுகினம் அருகிப்போனது. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியே பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றது என்று அறிவியலார் கண்டறிந்தார்கள். கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதற்கு 2006இல் தடை வந்தது. மனிதன் அறியாமல் செய்யும் தவறு எந்த வானத்துப் பறவையைப் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்!

அந்தக் குன்றில் பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்றுண்டு. சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் சுற்றிப் பார்க்க வந்து, தங்கள் பெயர்களை அதன் கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தவன் பெயர் கல்லில் இருக்கிறது. அவனை அழைத்து வந்த வண்டிக்காரன் யார் என்பது எங்கும் இல்லை. அத்தாவின் மகனாகிய எனக்கு அந்த எண்ணம் எழாமல் இருக்குமா?

ஒன்பது மணிக்கு மாமல்லபுரம். வழிகாட்டி ஐம்பது வயதைக் கடந்தவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை. ஐந்து ரதங்களில் தொடங்கினோம். ஒவ்வொரு ரதமும் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி உருவாக்கியது. ஏழாம் நூற்றாண்டு வேலை. பாண்டவர் பெயரைப் பிற்காலத்தார் சூட்டினார்களே தவிர, அவர்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்றார் அவர். ஒன்றுகூட முழுமையாக முடிக்கப்படவில்லை என்று அவர் காட்டியபோது அம்மா, "கூலி கொடுக்க ஆளில்லாம போயிட்டாங்களோ?" என்று கேட்டார். பல்லவ மன்னரின் புகழைக் கேட்டு வருவோர் பலர். உளிபிடித்தவனின் கூலியைப் பற்றிக் கேட்டவர் குறைவு என்று வழிகாட்டி சிரித்தார்.

அடுத்து, ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பெரும்பாறைச் சிற்பம். அர்ச்சுனன் தவம் என்பாரும் உண்டு, கங்கை இறங்கிய கதை என்பாரும் உண்டு. வழிகாட்டி இரண்டு கதைகளையும் சொல்லத் தொடங்கினார். அம்மா இடைமறித்தார்.

"தம்பி, யானைக்குப் பக்கத்துல ஒரு பூனை நின்னு தவம் பண்ணுமாமே, அது எங்கே?"

வழிகாட்டி வியந்து நின்றார். "அம்மா முன்பே வந்திருக்கிறீர்களா?"

"இல்லைப்பா. இவங்க அத்தா சொல்வாங்க. அந்தப் பூனையைக் காட்டினா எந்த ஊர்க்காரங்களும் சிரிச்சுடுவாங்கன்னு."

பெரிய யானையின் அருகில் அது நிற்கிறது. முன்னங்கால்களைத் தூக்கிக் கும்பிட்டபடி பூனை. அதன் காலடியில் நம்பி வந்த எலிகள். போலித் துறவுக்கு இதைவிடக் கூர்மையான கண்டனத்தை மேடையில் பேசுகிற நாங்கள்கூடச் சொன்னதில்லை. அம்மா சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

கடற்கரைக் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராஜசிம்ம பல்லவன் கட்டுவித்தான். இது பாறையைக் குடைந்ததன்று, கருங்கற்களை அடுக்கிக் கட்டியது. ஏழு கோபுரங்கள் இருந்தன, ஆறைக் கடல் கொண்டது என்று மாலுமிகள் சொல்லிவந்த கதையை அத்தாவும் தம் பயணிகளுக்குச் சொல்லியிருக்கிறார். "அது வெறும் கதைதானே?" என்று கேட்டேன். வழிகாட்டி மறுத்தார். 2002இல் கடலடி ஆய்வாளர்கள் இங்கே நீருக்குள் சுவர்களையும் வெட்டப்பட்ட கற்களையும் கண்டார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோர மணலை அரித்துச் செதுக்குக் கற்களை வெளிக்காட்டியது. எத்தனை கோயில்கள் என்பது உறுதியில்லை, ஆனால் கடலுக்குள் ஏதோ இருந்திருக்கிறது என்றார். வண்டிக்காரர் சொல்லும் கதையையும் முற்றாகத் தள்ளிவிடக் கூடாது என்று அறிந்தபோது மனம் நிறைந்தது.

1984இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற ஊர் இது. அரசுத் தலைவர்கள் இங்கே சந்தித்திருக்கிறார்கள். 2022இல் சதுரங்க ஒலிம்பியாடுக்கு உலகமே வந்தது. அதையெல்லாம் நான் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்கவில்லை. மடக்கு நாற்காலியில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயதில் முதன்முறையாகப் பார்க்கிறார்.

"இவ்வளவு சத்தமா இருக்கும்னு அவங்க சொல்லவே இல்லையே" என்றார் நெடுநேரம் கழித்து.

கோவளத்திற்கு வந்து லுஹர் தொழுதோம். போகும் இடம் ஐம்பது மைல் தொலைவில்கூட இல்லாததால் நாங்கள் முஸாஃபிர்கள் அல்லர், கஸ்ரு இல்லை. ஆகவே தொழுகை நேரங்களை வைத்தே நாளை வகுத்திருந்தேன். நபித்தோழர் என்று மரபு கூறும் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்கா இங்கே உள்ளது. எல்லாச் சமயத்தாரும் வந்துபோகிறார்கள். கர்நாடக நவாபு காலத்தில் 'சாதத் பந்தர்' என்ற பெயருடன் ஒரு துறைமுகக் கோட்டை இவ்வூரில் எழுந்தது. கிளைவ் கைப்பற்றியதாக மேலே சொன்னேனே, அது இதுதான். அந்தக் கோட்டை இன்றில்லை. கடல் மட்டும் இருக்கிறது. பல்லவர்க்கும் நவாபுக்கும் ஆங்கிலேயர்க்கும் கிடைத்த முடிவு ஒன்றே என்பதைப் பாடமாகச் சொல்லித் தந்ததைவிட அன்று என் மகள் கண்ணால் கண்டாள்.

கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக இரண்டரை மணிக்கு வீடு திரும்பினோம். பேசிய தொகையைக் கொடுத்தேன். ஓட்டுநர் புறப்பட முனைந்தபோது அம்மா விடவில்லை. திண்ணையில் உட்காரவைத்துத் தேநீர் கொண்டுவந்து தந்தார்.

"எத்தனை வருசமா வண்டி ஓட்டுறே தம்பி?"

"எட்டு வருசம்மா."

"உன் வீட்டுக்காரியை எங்கே கூட்டிப் போயிருக்கே?"

அந்த இளைஞர் குவளையைப் பார்த்தபடி பேசாமலிருந்தார். பிறகு, "மாமியார் வீட்டுக்குத்தாம்மா" என்றார். அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. நான் தனியே தந்த பேட்டாவுக்கு மேல் தம் சுருக்குப்பையிலிருந்து கொஞ்சம் எடுத்து அவர் கையில் திணித்து, "இது டீசலுக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை சவாரி எடுக்காதே" என்றார்.

வாசகர்களே, நம் வீட்டுப் பெண்கள் திருமணத்திற்கும் மரணத்திற்கும் மருத்துவமனைக்கும் பயணம் போகிறார்கள். கண்ணுக்கும் மனத்துக்கும் என்று ஒரு பயணத்தை அவர்கள் கேட்பதில்லை. கேட்காததால் வேண்டாமென்று பொருளில்லை. பெரும்பொருள் தேவையில்லை, ஒரு வாடகைக் காரும் ஒரு பகற்பொழுதும் போதும். உங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். வீட்டில் வயது முதிர்ந்தவர் இருந்தால், வெயில் ஏறும் முன் புறப்படுங்கள், மடக்கு நாற்காலி ஒன்றை மறக்காதீர்கள்.

அந்த ஓட்டுநர் போன வாரம் எங்கள் தெருப்பக்கம் வந்திருந்தார். வண்டியின் பின்னிருக்கையில் அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அம்மாவிடம் காட்டிவிட்டுப் போகத்தான் வந்தாராம். அம்மா அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.